மூலையில் கொட்டிய மிட்டாய்: எடை எவ்வளவு, யார் நிரப்புவது, விலைக்கு விற்பது எதை?

கேள்வி இதுதான்: சிகாகோவில் ஒரு அருங்காட்சியகத்தின் மூலையில் கலர் மிட்டாயைக் குவித்து வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எடுத்துத் தின்னலாம். மொத்தம் 79 கிலோ. எயிட்ஸில் இறந்துபோன காதலரின் எடை அது. தினமும் காலையில் எடை போட்டு மறுபடி நிரப்பிவிடுவார்கள். இதெல்லாம் உண்மையா? உண்மை என்றால், காசு கொடுத்து வாங்குகிறவர் எதைத்தான் வாங்குகிறார்? எங்கள் கல்லூரி விழாவில் இதையே செய்து வைக்கலாமா?

காதலர் விஷயம் உண்மை. எடை விஷயம் பாதி உண்மை. தினமும் நிரப்புவது கட்டாயம் என்பது சரியில்லை. கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரெஸ். 1957 நவம்பர் 26 அன்று கியூபாவின் குவாய்மாரோ என்ற ஊரில் பிறந்தவர். போர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்து 1979-ல் நியூயார்க் வந்தார், ப்ராட் இன்ஸ்டிடியூட்டில் படித்தார். 1987 முதல் ‘குரூப் மெட்டீரியல்’ என்ற கலைஞர் குழுவிலும் இருந்தார். அவருடைய துணைவர் ராஸ் லேகாக் 1991 ஜனவரி 24 அன்று எயிட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். ஐந்து வருடம் கழித்து, 1996 ஜனவரி 9 அன்று மயாமியில் ஃபெலிக்ஸும் அதே நோயால் இறந்தார், வயது 38. எயிட்ஸ் கிருமி பெருகுவதைத் தடுக்கும் புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகளில் முதலாவதுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எயிட்ஸ் மரணங்களை மளமளவென்று குறைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானது அதே 1996-ல். சில மாதங்களில் தப்பிப்போன வாய்ப்பு.

படைப்பின் பெயர் “தலைப்பிடாதது” (லாஸ் ஏஞ்சலஸில் ராஸின் உருவப்படம்), 1991. அவர் பெரும்பாலும் இப்படித்தான் பெயர் வைப்பார்: முன்னால் “தலைப்பிடாதது”, பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு. இனி அடைப்புக்குறிக்குள் வருவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எடை. இந்தப் படைப்புக்கு எழுதப்பட்டிருக்கும் அளவு 175 பவுண்டு, அதாவது 79 கிலோவும் கொஞ்சமும். படைப்போடு வரும் சான்றிதழில் இதை ‘இலட்சிய எடை’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். ராஸ் ஆரோக்கியமாக இருந்தபோது அவருடைய உடல் எடை என்று பெரும்பாலோர் வாசிப்பது தப்பில்லை. தலைப்பே அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. ஆனால் அதே 1991-ல் அவர் செய்த (அப்பாவின் உருவப்படம்) வெள்ளை மிட்டாய்; அதன் இலட்சிய எடையும் 175 பவுண்டுதான். அப்பாவுக்கும் காதலருக்கும் தராசில் ஒரே எண். ஆகவே 175 என்பதை மருத்துவமனைச் சீட்டில் இருந்து எடுத்த துல்லியமான எண்ணாகப் பார்ப்பதைவிட, நல்ல ஆரோக்கியமுள்ள ஓர் ஆணின் உடம்பு என்று பார்ப்பது பொருந்தும். (காதலர்கள்) என்ற படைப்புக்கு 355 பவுண்டு. இரண்டு ஆண்கள் சேர்ந்த எடை என்று வாசிக்கலாம். எல்லா எடையும் உடம்பைக் குறிப்பதும் கிடையாது. கறுப்பு அதிமதுர மிட்டாயாலான (பொதுமக்கள் கருத்து) 700 பவுண்டு, வெள்ளித்தாள் சுற்றிய (ப்ளாசிபோ) 1,000 முதல் 1,200 பவுண்டு. பின்னதில் மனித எடையைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மருந்துச் சோதனையில் கொடுக்கப்படும் போலி மாத்திரையைத்தான் அந்தத் தலைப்பு சொல்கிறது: வாயில் போட்டால் இனிக்கும், நோய் தீராது.

இப்போது நிரப்புவது. தினமும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. படைப்பை வைத்திருப்பவருக்கு, அல்லது கடன் வாங்கிக் காட்சிக்கு வைப்பவருக்கு, மறுபடி இலட்சிய எடைக்குக் கொண்டுவரும் உரிமை உண்டு. எப்போது, எத்தனை முறை என்பது அவர்கள் முடிவு. தினமும் நிரப்பலாம். வாரம் ஒருமுறை நிரப்பலாம். தரை தெரியும்வரை விட்டுவிடலாம். ஆரம்பத்திலேயே இலட்சிய எடைக்குக் கூடவோ குறையவோ கொட்டவும் இடம் உண்டு. இங்கேதான் இந்தக் கலைஞரின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது என்பது என் எண்ணம். இழப்பை அவர் வரைந்து காட்டவில்லை. இன்றைக்கு நிரப்புவதா, நாளைக்குப் பார்ப்பதா என்று அருங்காட்சியக ஊழியர் ஒருவர் தினமும் எடுத்தாக வேண்டிய முடிவாக அதை மாற்றிவிட்டார். குவியல் கரைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அதுவும் உங்கள் முடிவுதான்.

இந்த முடிவு எவ்வளவு வழுக்கலானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காகிதம் சுற்றிய கெட்டி மிட்டாய் ஒன்று 6 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 79 கிலோவுக்குச் சுமார் 13,000 மிட்டாய் வரும். நாளைக்கு 500 பேர் ஆளுக்கு ஒன்று எடுத்தால் 26 நாளில் காலி. பள்ளிக் குழந்தைகள் பஸ்ஸில் வந்து இறங்கும் நாளில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. கை நிறைய அள்ளுவார்கள், அள்ளலாம், தடுக்கக் கூடாது.

அடுத்தது வடிவம். சுவர் மூலையில் கொட்டினால் குவியல் கால்வாசிக் கூம்பாக நிற்கும். லிட்டருக்கு அரைக் கிலோ, சரிவு 30 பாகை என்று வைத்தால், 79 கிலோ மிட்டாய் இரண்டு சுவரோரமும் சுமார் 1 மீட்டர் பரவி, மூலையில் 60 செ.மீ. உயரம் வரும். இதில் சரிபாதி, 40 கிலோ, போய்விட்டது என்றால் உயரம் எவ்வளவு இருக்கும்? 30 செ.மீ. என்றுதான் மனசு சொல்லும். கணக்குப்படி 47 செ.மீ. இருக்கும். உயரம் பாதியாகத் தெரிய வேண்டுமென்றால் எட்டில் ஏழு பங்கு போயிருக்க வேண்டும். அப்போது மிச்சம் 10 கிலோதான். நிஜத்தில் ஜனங்கள் விளிம்பிலிருந்து எடுப்பதாலும், குவியல் சரிந்து பரவுவதாலும் இந்த எண்கள் அப்படியே நிற்காது. ஆனால் போக்கு இதுதான்: முதல் பாதி போவது கண்ணுக்குப் படவே படாது, கடைசியில் சட்டென்று காலியாகும். நோயில் உடம்பு இளைத்ததைக் கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணளவை நம்பி நிரப்புகிற கேலரிகள் எப்போதும் தாமதமாகத்தான் நிரப்பும். ஆகவே வாங்கிய பெட்டிகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் பார்ப்பது உத்தமம்.

நிறுவும்போது என்ன கெடும்? முதல் எதிரி ஈரப்பதம். ஓவியங்களுக்காக அருங்காட்சியகங்கள் காற்றின் ஈரப்பதத்தை ஏறக்குறைய 50 சதவீதத்தில் வைத்திருப்பது வழக்கம். மரச்சட்டத்துக்கும் கித்தானுக்கும் அது நல்லது, சர்க்கரைக்கு நல்லதில்லை. கெட்டி மிட்டாய் என்பது பாகை வேகமாக ஆறவைத்துக் கண்ணாடி மாதிரி இறுகிய சர்க்கரை. காற்றிலிருந்து நீரை இழுத்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். செலோஃபேனை இரண்டு பக்கமும் முறுக்கிச் சுற்றிய மிட்டாயில் அந்த முறுக்கு வழியாகக் காற்று போகும். ஒட்டி மூடிய உறை தாங்கும். ஆனால் படைப்பின் தோற்றத்துக்கு அந்த முறுக்குக் காதுகள்தான் வேண்டும். வெளிச்சம் பட்டு மினுங்குவது அவைதான். எனவே ஒரேயடியாக எல்லாவற்றையும் வாங்கி மாதக்கணக்கில் கொட்டி வைக்காமல், பெட்டிகளை மூடியபடி உலர்ந்த அறையில் வைத்துத் தேவைக்கு எடுப்பது நல்லது. அடியில் கிடப்பவை மேலே உள்ள எடையால் நசுங்கி உறையோடு ஒட்டிக்கொள்ளும். நிரப்பும்போது புதியதை மேலே கொட்டிக்கொண்டே போனால் பழையது மூலையிலேயே கிடந்து கெட்டுப்போகும். பழையதை முன்னால் இழுத்துவிட்டு, பின்னால் புதியதைக் கொட்ட வேண்டும். நிறங்களும் முதலிலேயே நன்றாகக் கலந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி வாரியாகச் சிவப்பு ஒரு திட்டு, பச்சை ஒரு திட்டு என்று நிற்கும்.

எறும்பு, எலி, கரப்பான் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அருங்காட்சியகத்தில் பூச்சிக்கு அஞ்சுவது மிட்டாயைக் காப்பாற்ற மட்டும் இல்லை. பக்கத்து அறையில் கம்பளித் துணியோ பழைய காகிதமோ இருக்கும். தின்கிற பொருளைச் சுற்றி மருந்தடிக்கவும் முடியாது. ஒட்டுப்பொறி, தினமும் பெருக்குதல், கிழிந்த உறையை உடனே பொறுக்குதல், இவ்வளவுதான் வழி. தின்றுவிட்டு உறையைக் குவியலிலேயே போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த அறையை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு குப்பைக்கூடை வைக்காவிட்டால், பக்கத்து அறைச் சிற்பத்தின் பீடத்தில் உறை கிடக்கும்.

எந்த மிட்டாய் என்பது இன்னொரு தலைவலி. அவர் அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த சாதாரண வணிக மிட்டாயைத்தான் தேர்ந்தெடுத்தார். முப்பது வருடத்தில் மிட்டாய்க் கம்பெனிகள் மூடும், உறையின் நிறம் மாறும். அதே மிட்டாய் கிடைக்காவிட்டால் அதை ஒத்த இன்னொன்றைப் போடலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. நிறமும் உறையின் தன்மையும் முக்கியம், சுவை பின்னால்தான். இந்த இடத்தில் செலவைக் குறைக்கப் பார்த்து, வெளியே சாயம்போன உறையும் உள்ளே வாயில் வைக்க முடியாத சரக்குமாக வாங்குவது பெரிய பிழை. எடுத்த மிட்டாயை ஜனங்கள் துப்பிவிட்டால் படைப்பு அங்கேயே படுத்துவிடும். உடம்பின் ஒரு துளியை வாங்கி வாயில் போட்டு விழுங்குகிறீர்கள் என்பதுதானே விஷயம்.

எடுக்கலாம் என்பது பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அருங்காட்சியகம் என்றாலே தொடாதே என்று பழகிய கை. ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்று பெரிய பலகை வைத்தால் ஓசித் தின்பண்டம் ஆகிவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் அறையில் நிற்கிற காவலர். ஒருவர் தயங்கி நின்று பார்க்கும்போது ‘எடுக்கலாம், ஒன்றும் இல்லை’ என்று மெதுவாகச் சொல்கிற காவலர் இருந்தால் போதும். ஃபெலிக்ஸ் காவலர்களோடு பேசுவதைப் பெரிதாக நினைத்தவர். காவலர்களுக்கு விளக்கம் சொல்லாமல் நிறுவியிருந்தால், நிறுவியதாகவே கணக்கில்லை.

சரி, விற்பது எதை? 2010 நவம்பரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் அவருடைய (மார்செல் பிரியாங்கின் உருவப்படம்) என்ற வெளிர்நீல மிட்டாய்ப் படைப்பை 45 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அந்த விலையில் மிட்டாயின் பங்கு ஒன்றுமே இல்லை. வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ், அதோடு சில உரிமைகளும் பொறுப்புகளும். சான்றிதழ்களின் சாரம் ஏறக்குறைய இது: இலட்சிய எடை இவ்வளவு, பார்ப்பவர்கள் தனித்தனி மிட்டாயை எடுத்துப்போகலாம் என்பது படைப்பின் நோக்கத்திலேயே அடக்கம், எடுத்துப்போன மிட்டாய்கள், தனியாகவோ எல்லாம் சேர்ந்தோ, கலைப்படைப்பு ஆகாது, குறைந்ததை நிரப்பும் உரிமை உடைமையாளருக்கு உண்டு, தீராத வழங்கல். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வைத்தாலும் படைப்பின் ஒருமை கெடாது, ஏனென்றால் அந்த ஒருமை உடைமையில் இருக்கிறது, பொருளில் இல்லை. சிகாகோவில் எடுத்த மிட்டாயைப் பத்திரமாக வைத்து இணையத்தில் விற்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது மிட்டாய்தான்.

மிட்டாயைவிட எனக்கு நெருக்கமானது கடிகாரங்கள். (பரிபூரணக் காதலர்கள்) என்ற படைப்பு: அலுவலகச் சுவரில் மாட்டுகிற சாதாரண வட்டக் கடிகாரம் இரண்டு, பாட்டரியில் ஓடுபவை, ஒவ்வொன்றும் 35 செ.மீ. அளவு விட்டம், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. முதலில் 1987–1990 என்று தேதியிட்ட ஒன்று. பிறகு 1991-ல் இன்னொன்று, அதற்குப் பின்னால் சுவரில் வெளிர்நீல வண்ணம், அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிறுவும்போது இரண்டையும் ஒரே நேரத்துக்கு வைத்து, விநாடி முள்ளும் ஒன்றாக ஓடும்படி தொடங்குவார்கள். பிறகு விலக விடுவார்கள்.

விலகத்தான் செய்யும். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர வேண்டும். வெட்டியதில் உள்ள நுணுக்கமான வித்தியாசம், அறையின் சூடு, இவற்றால் அந்த எண் அணுவளவு மாறும். சாதாரணச் சுவர்க் கடிகாரம் மாதத்துக்கு 15 விநாடி முன்பின் ஓடுவது சகஜம். ஒன்று முந்தி, மற்றது பிந்தினால் மாதத்தில் அரை நிமிட வித்தியாசம் வரும். முதல் நாளில் ஒன்றாகத் துடித்த விநாடி முட்கள் இரண்டு மூன்று நாளிலேயே பிசகுவது கண்ணுக்குத் தெரியும். காது வைத்துக் கேட்டால் அதற்கு முன்பே தெரியும்: ஒரு ‘டிக்’ இருந்த இடத்தில் இரண்டு வரும்.

இதில் ஊழியர் செய்கிற வழக்கமான தப்பு, முள் பிசகியதைப் பழுது என்று நினைத்து நிறுத்தித் திருத்துவது. திருத்தக் கூடாது. ஒன்று நின்றுபோனால் மட்டும் பாட்டரி மாற்றி, அப்போது இரண்டையும் சேர்த்து மறுபடி ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும். பாட்டரியை எப்போதும் இரண்டுக்கும் ஒரே சமயத்தில், ஒரே வகையில் மாற்றுவது உதவும். ஒன்றில் புதிது, மற்றதில் பழையது என்றால் யார் முதலில் நிற்பார் என்பதை நீங்களே தீர்மானித்துவிட்ட மாதிரி ஆகும். இந்தப் படைப்புக்கு முன்பே, 1988-ல், ராஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இரண்டு கடிகாரங்களை வரைந்து அனுப்பியிருக்கிறார். அதற்குள் ராஸின் நோய் தெரிந்துவிட்டிருந்தது.

அவர் பல்புகளை வைத்தும் படைப்புகள் செய்தார்; அவற்றுக்கு நேர் எதிரான விதி. (மார்ச் 5) எண் 2 என்பது 1991-ல் செய்தது: 40 வாட் பல்பு இரண்டு, பீங்கான் ஹோல்டர், நீட்டிப்பு வயர், முடிந்தது. மார்ச் 5 ராஸின் பிறந்தநாள். இரண்டில் ஒன்று முதலில் எரிந்து போகும் என்பது பார்க்கிற யாருக்கும் தோன்றும். ஆனால் எரிந்து போனதை அப்படியே விட்டுவைப்பது முறையில்லை. பல்புப் படைப்புகளில் போனதை உடனே மாற்ற வேண்டும். உணர்ச்சிவசப்பட்ட க்யூரேட்டர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். ஒரு பல்பு அணைந்து கிடப்பது கவித்துவமாகத் தெரியும். அந்தக் கவித்துவம் உங்களுடையது, அவருடையது இல்லை.

பல்புச் சரங்களில் மின்சாரமே ஒரு பாடம். (அமெரிக்கா), 1994: பன்னிரண்டு சரம், சரத்துக்கு 42 பல்பு, பல்புக்கு 15 வாட். ஒரு சரம் 630 வாட், பன்னிரண்டும் சேர்ந்து 7,560 வாட். அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 63 ஆம்பியர். 20 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து எரியவிட 16 ஆம்பியர், அதாவது 1,920 வாட், வரைதான் ஏற்றலாம். மூன்று சரம் 1,890 வாட். ஒரு சர்க்யூட்டுக்கு மூன்றுதான் கொள்ளும், ஆக நாலு தனி சர்க்யூட் வேண்டும். எல்லாச் சரத்தையும் ஒரே அறையில் வைத்தால் ஏழரைக் கிலோவாட் சூடு அந்த அறையில் இறங்கும். அதை இழுக்கவே இரண்டு டன்னுக்கு மேல் ஏசி தேவை. பல்புக்கு ஆயுள் 1,000 மணி நேரம், நாளைக்கு 8 மணி நேரம் எரிகிறது என்று வைத்தால், 504 பல்பில் சராசரியாக நாளைக்கு நாலு போகும். எல்லாம் புதிதாகப் போட்ட முதல் மாதங்களில் ஒன்றும் போகாது, நாலாவது மாதம் கொத்துக் கொத்தாகப் போகும். ஏணியும் உதிரிப் பல்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இழை பல்புகளை நாடு நாடாகச் சந்தையிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்பதால், இருப்பில் சேர்த்து வைப்பதும் இப்போது பராமரிப்பு வேலையில் சேர்ந்துவிட்டது. எங்கே தொங்கவிடுவது, எப்படித் தொங்கவிடுவது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் நிறுவுகிறவரே முடிவு செய்வார்; கூரையிலிருந்து விடலாம், தரையில் சுருட்டிப் போடலாம். இதே வகையைச் சேர்ந்த (அமெரிக்கா எண் 3) 2024 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1 கோடியே 36 லட்சம் டாலருக்குப் போனது.

காகித அடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; அதே தத்துவம்தான், மிட்டாய்க்குப் பதில் அச்சுத்தாள். (துப்பாக்கியால் மரணம்), 1990: 1989 மே 1 முதல் 7 வரை ஒரே வாரத்தில் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள், சுமார் 460 பேர், அவர்களின் பெயர், வயது, ஊர், செத்த விதம், முகம், எல்லாம் ஒரே தாளில். இலட்சிய உயரம் 9 அங்குலம். ஆளுக்கு ஒரு தாள் சுருட்டி எடுத்துப் போகலாம். குறைந்தால் மறுபடி அச்சடிக்க வேண்டும். இங்கே கெடுவது ஓரங்கள்: இழுத்து எடுக்கும்போது அடுக்கு திருகிக்கொள்ளும், தினமும் நாலு பக்கமும் தட்டி நேராக்காவிட்டால் மூன்றாம் நாள் பழைய பேப்பர்க் கடை ஆகிவிடும்.

இவ்வளவு சாதுவான பொருட்களை ஏன் எடுத்தார் என்பதற்கும் காரணம் உண்டு. 1987-ல் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த திருத்தம், தன்பாலுறவை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் எயிட்ஸ் விழிப்புணர்வுக்கு அரசுப் பணம் போகாமல் தடுத்தது. 1989-ல் கலைக்கான அரசு நிதி மீதும் அதே சண்டை. ஆண் உடம்பைக் காட்டிய படங்களைத் தூக்கி வீச ஆள் தயாராக இருந்த காலம். இரண்டு கடிகாரத்தை என்ன சொல்லித் தடை செய்வது? 1992 மே, ஜூனில் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திட்டமாக நியூயார்க்கில் 24 இடங்களில் பெரிய விளம்பரப் பலகை வைத்தார். எழுத்து ஒன்றும் இல்லை. கலைந்த இரட்டைப் படுக்கை, இரண்டு தலையணை, அதில் இரண்டு தலை கிடந்த பள்ளம். கறுப்பு வெள்ளைப் படம். எதை விற்கிறார்கள் என்று தெரியாமல் தெருவில் போகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். இருபத்துநான்கு என்பது ராஸ் இறந்த தேதி.

மறைத்துச் சொன்னதால் பின்னாளில் வந்த சிக்கல் இது: 2022-ல் சிகாகோவில் ராஸின் மிட்டாய்க்குப் பக்கத்தில் இருந்த குறிப்பு அட்டையின் விளக்கத்தில் ராஸ் யார் என்பதும் எயிட்ஸும் இல்லை, எடையைப் பற்றிய பேச்சுதான் இருந்தது. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள், அருங்காட்சியகம் அட்டையை மாற்றி எழுதியது. அர்த்தத்தை ஒன்றில் அடைக்கக் கூடாது என்பது ஃபெலிக்ஸின் நிலைப்பாடு, உண்மைதான். அதற்காக இறந்தவரைப் பற்றிய பேச்சையே எடுத்துவிடுவது அர்த்தத்தைத் திறந்துவிடுவதாகாது. அட்டையில் ஒரு வரி போதும்: யார் ராஸ், எப்போது, எதனால். மீதியைப் பார்ப்பவர் பார்த்துக்கொள்வார்.

எவ்வளவு தளர்வாக இவற்றைக் கையாளலாம் என்பதற்கு இரண்டு உதாரணம். 2010–11-ல் பிரஸ்ஸல்ஸ், பாசல், ஃபிராங்க்ஃபர்ட் ஆகிய மூன்று நகரங்களில் எலெனா ஃபிலிப்போவிக் அமைத்த கண்காட்சியில், ஒவ்வொரு ஊரிலும் பாதிக் காலம் ஆனதும் வேறொரு கலைஞர் வந்து எல்லாவற்றையும் கலைத்துத் தன் விருப்பப்படி மறுபடி நிறுவினார். ஃபிராங்க்ஃபர்ட்டில் டினோ சேகல் ஒருபடி மேலே போய், பார்வையாளர் இருக்கும்போதே நாள் முழுக்க படைப்புகளின் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்கச் செய்தார். இரண்டாவது, 2020. ஊரடங்கு நேரத்தில் (ஃபார்ச்சூன் குக்கி மூலை) என்ற 1990-ஆம் வருடத்துப் படைப்பை உலகம் முழுக்க ஆயிரம் பேரிடம் அவரவர் இடத்தில் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் 240 முதல் 1,000 குக்கி வரை வாங்க வேண்டும். எடுக்க வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது. மே 25-ல் தொடங்கி ஜூன் 14 அன்று முதலில் வைத்த அளவுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். ஜூலை 5-ல் முடிவு. தொற்றுக்குப் பயந்து யாரும் எதையும் தொடாத மாதங்களில், இன்னொருவர் வைத்ததை எடுத்து வாயில் போடுவதா என்ற தயக்கம் தானாகவே படைப்புக்குள் வந்து சேர்ந்தது.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். 79 கிலோ மிட்டாய் வாங்கி மூலையில் கொட்டி, அவருடைய பெயரும் தலைப்பும் எழுதி வைத்தால் அது அவருடைய படைப்பு ஆகாது. சான்றிதழ் இருக்கும் உடைமையாளரிடமிருந்து முறைப்படி கடன் பெற்றால்தான் ஆகும். வகுப்பில் அவரைப் பற்றிப் படிக்கும்போது ‘இப்படி இருக்கும்’ என்று காட்ட ஒரு குவியல் போடுவது வேறு. அதில் ‘மாதிரி’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், நகல் செய்வதைவிட அவருடைய முறையைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். யாருடைய இழப்பு என்று முதலில் தீர்மானியுங்கள். கடையில் எப்போதும் கிடைக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பொருளைத் தொடாமல், ஒரு பக்கத்தில் அறிவுறுத்தல் எழுதுங்கள்: இலட்சிய அளவு என்ன, எடுக்கலாமா, குறைந்தால் யார் நிரப்புவது, எது கிடைக்காவிட்டால் எதைப் போடலாம், எதை மாற்றவே கூடாது, எப்போது முடியும். அந்தப் பக்கத்தை உங்கள் யோசனையை அறியாத ஒரு வகுப்புத் தோழரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் நிறுவச் சொல்லுங்கள். அவர் செய்து வைத்ததைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வந்தால், எந்த வரி குறைகிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு வரியை மட்டும் சேருங்கள். தின்பண்டம் என்றால் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், இரவில் மூடி வையுங்கள், கடலை கலந்தது வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். முதல் நாள் மாலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து ஊகித்து எழுதி வைத்துவிட்டு, அப்புறம் எடை போடுங்கள்.